துப்பாமல் துப்பிய புஷ்பம் அக்கா

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஐந்து பேர். நாடகத்தை எழுதிய, லோரி ஓட்டும் தனபால் அண்ணன். ஆர்மோனியம் வாசித்த கோயில் பண்டாரம். கதாநாயகனாகவும் கதாநாயகியின் தம்பியாகவும் நடித்த என் அத்தை மகன் சேகர். கதாநாயகி புஷ்பம் அக்கா. வில்லனாகிய நான். ஆறாவதாக டோபி மாணிக்கம் அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது நான் மேடையேறிவிட்டேன்.

ஆள் கணக்கை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘இதில் யார் யார் கூட்டு?’ என்று பிற்பாடு விசாரணை நடந்தது. அந்த முகங்களை நான் ஓராயிரம் தடவையாவது மனதுக்குள் வரிசையாக நிறுத்தி எண்ணியிருக்கிறேன். இப்போதும் தூக்கம் வராவிட்டால் எண்ணுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், ஈப்போ நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ரப்பர் தோட்டம். மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நாடகம் வழக்கமாக இரவில்தான் நடக்கும். அந்த வருடம் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் எஞ்சின் படுத்துவிட்டது. ஆகவே மதியம் மூன்று மணிக்கே, ரப்பர் பால் நிறுக்கும் தகரக் கொட்டகையில், பட்டப்பகலில் நாடகம். அந்தப் பகல் வெளிச்சம்தான் எங்களுக்கு எமனாக வந்தது.

கொட்டகை முழுக்க ஒட்டுப்பால் வாடை. மரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்ட பாலை உரித்து மூட்டை கட்டி வைப்பார்கள். இரண்டு நாள் போனால் அந்த மூட்டைக்குள் எலி செத்துக் கிடக்கிறதோ என்று தோன்றும். பண்டாரம் பத்து ஊதுவத்திகளைக் கொளுத்திச் செருகி வைத்திருந்தார். இப்போது ஊதுவத்தி மணக்கும் செத்த எலி.

நான் திரைச்சேலைக்குப் பின்னால் கோட்டுப் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் கோவிந்து, காச்சக்காரன் மாரி நடுங்குற?” என்றார் புஷ்பம் அக்கா.

“அக்கா, நீங்க தூன்னு துப்பும்போது எச்சி கோட்டுல தெறிச்சிருமோ? எரவல் கோட்டுக்கா.”

“ஒரு சொட்டு படாது. நெசமா துப்புனா அசிங்கம் நம்மளோடதாயிரும். துப்பாம துப்பணும் தம்பி.”

எத்தனை சீ!

புஷ்பம் அக்காவின் ‘தூ’வைச் சொல்வதற்கு முன் என் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, காலையில் அம்மாவோடு காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் உரித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். எவ்வளவு கழுவினாலும் விரலில் வாடை நிற்கும். பக்கத்து இருக்கைப் பையன் மூக்கைச் சுளிப்பதற்கு முன்பே, அவன் சுளிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். யார் எப்போது ‘சீ’ என்பார்களோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்தப் பயத்திலேயே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு படிப்பு வந்துவிட்டது.

‘சே’ என்பது தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று எல்லோரும் சொல்வது. ‘சீ’ அடுத்த ஆளுக்கு. ‘ச்சீ’ என்று அழுத்திச் சொன்னால், சொன்னவர் ஓர் அடி பின்னால் நகர்ந்திருப்பார், கவனித்துப் பாருங்கள். ‘அய்யே’யில் பாதி சிரிப்பு இருக்கும். ‘உவ்வே’ வயிற்றிலிருந்து வருவது.

‘கருமம், கருமம்’ என்பது பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே கடைசி வரைக்கும் பார்க்கிறவர்கள் சொல்வது. ஈப்போ தியேட்டரில் ஒரு தடவை ஆங்கிலப் படத்துக்குத் தவறிப்போய் நுழைந்துவிட்டோம். என் சின்னம்மா படம் முடிகிற வரையில் கருமம் சொன்னார். இடைவேளையில் கிளம்பிவிடலாமா என்று கேட்டதற்கு, “காசு குடுத்தாச்சில்ல” என்றார்.

தமிழ்ப் படத்தில் கதாநாயகி ‘சீ, போங்க’ என்றால் அடுத்தது பாட்டு. அது அருவருப்பில்லை என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

தோட்டத்து மளிகைக் கடையின் சீன முதலாளி தவுக்கே, யாராவது சாவுப் பேச்சை எடுத்தால் “சோய்! சோய்!” என்று கையை வீசுவார். ஈயை விரட்டுவது போலிருக்கும். பால் ஏற்ற வரும் மலாய் லோரிக்காரர் காலில் அட்டை ஏறினால் தோள் இரண்டையும் காதுவரை தூக்கி “ஈஈஈ... கெலி!” என்பார். பெரிய மீசை வைத்த ஆள். அந்த ஒரு நொடி சின்னப் பிள்ளையாகிவிடுவார்.

பிற்பாடு எண்பதுகளில் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது மூன்று மொழிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றோம். கழிவுத் தொட்டி திறந்தால் அவரவர் மொழியில் அவரவர் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கச்சேரி மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் பக்கத்துச் சிலிபினில் வாடகை வீடியோ எடுத்து ஒரு வீட்டில் பத்துக் குடும்பம் படம் பார்ப்போம். வில்லன் வந்தால் பெண்கள் பக்கமிருந்து ‘தூ’ பறக்கும். எனக்கு மட்டும் அந்தத் ‘தூ’க்களில் ஒன்றும் தேறவில்லை. நான் நல்லதைக் கேட்டுவிட்டவன் அல்லவா?

‘அருவருப்பு’ என்ற சொல்லைப் பத்திரிகையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த உணர்ச்சியே ஆறிப்போய்விடும். அந்தச் சொல்லை வாய் திறந்து சொல்லி நான் கேட்டது ஒரே ஓர் ஆளிடம்.

தனபால் அண்ணனின் இரண்டு பக்கம்

அது ஒத்திகையின்போது. வில்லன் ஒரு பணக்கார மைனர். கதாநாயகியின் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘என் வீட்டுக்கு வந்துவிடு, இவனை விட்டுவிடுகிறேன்’ என்பான். அதற்குக் கதாநாயகி பேசுவதாக லோரி தனபால் அண்ணன் இரண்டு பக்கம் வசனம் எழுதியிருந்தார். ‘அடே கயவனே’ என்று தொடங்கிச் சூரிய சந்திரர்களையெல்லாம் சாட்சிக்கு இழுக்கும்.

புஷ்பம் அக்காவுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பால்மரம் வெட்டும் வேலை, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. கணவர் இறந்து மூன்று வருடம். இரண்டு பிள்ளைகளோடு லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். அதற்கு முன் எங்கள் நாடகங்களில் சேலை கட்டி நின்றதெல்லாம் ஆண்கள்தான். முதன்முதலாக மேடையேற ஒப்புக்கொண்ட பெண் அவர். அதற்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள்.

வசனத்தை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு அக்கா சொன்னார்:

“அண்ணே, இவ்வளவு பேசுறவளுக்கு அவன் மேல கோவம் இருக்குன்னு அர்த்தம். கோவம் இருந்தா பாதி மன்னிச்ச மாரிதான். இவளுக்குக் கோவம் இல்லண்ணே. அருவருப்பு. ஒரு சத்தம் போதும்லா.”

“ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சி எழுதுனேன் புஷ்பம்!”

“அதுக்கு நான் என்னண்ணே செய்யட்டும். தூங்கிருக்கலாம்ல.”

பண்டாரம் ஆர்மோனியத்தின் மீது கவிழ்ந்து சிரித்தார். பிறகு அக்கா என்னை எதிரில் நிற்கச் சொல்லி அந்த ஒரு சத்தத்தைச் செய்து காட்டினார். தனபால் அண்ணன் இரண்டு பக்கத்தையும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில்

அக்காவுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. எனக்குத் தெரிந்த வரையில் அது அவர் வாங்கிய அடிகளிலிருந்து வந்தது.

ஒரு நாள் வேலை முடிந்த கையோடு ஈப்போவுக்குப் பஸ் ஏறினோம். நான் அப்பாவின் மருந்துக்கு, அக்கா பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எடுக்க. உடை மாற்ற நேரமில்லை. முன் இருக்கையில் நல்ல பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள். அக்கா உட்கார்ந்ததும் “ச்சீ! என்ன நாத்தம்!” என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

என் காது சுட்டுவிட்டது. இறங்கிவிடலாம் என்றுகூட எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“மூக்கப் பொத்திக்குங்கம்மா, தப்பில்ல. நாத்தம் நாத்தம்தான். ஆனா கால்ல போட்டிருக்கீங்களே ரப்பர் சிலிப்பரு, அதையும் கழட்டி சன்னல் வழியா வீசிருங்க. அதுவும் இந்த நாத்தத்துலேருந்து வந்ததுதான்.”

குரலில் சண்டையே இல்லை. வழி சொல்வது போலச் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சிறிது தூரம் போனதும் அக்காவே பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். “கழுவுன பழம்தாம்மா.” அவர் வாங்கிக்கொண்டார். நானாக இருந்தால் அந்த ‘ச்சீ’யை நினைத்து அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

டோபிக் கொடி

இப்போது கோட்டு விவகாரம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாடகத்துக்கு உடுப்பு வாங்குவது கிடையாது. அந்த வாரம் டோபிக்கு வெளுக்கப் போன துணிதான் மேடையேறும். சேலைக்காரிகளுக்கும் தெரியும். “என் செகப்புச் சேல நேத்து ராணியா நடிச்சிச்சி” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். திங்கட்கிழமை திரும்பத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு: லயத்துத் துணியை மட்டும்தான் எடுக்கலாம். உத்தியோகஸ்தர் வீட்டுத் துணியைத் தொடக்கூடாது. அடையாளத்துக்கு, அந்தத் துணிகளின் கழுத்துப்பட்டை உள்பக்கத்தில் மாணிக்கம் அண்ணன் சிவப்பு நூலால் இரண்டு புள்ளி தைத்திருப்பார்.

அன்று நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, எனக்கென்று வைத்திருந்த கோட்டின் அக்குள் கிழிந்துவிட்டது. மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கோயில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார். வீட்டில் ஆளில்லை. கொடியில் பழுப்பு நிறக் கோட்டு ஒன்று தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

எதையும் மூன்று தடவை பார்க்கிறவன் நான். கோட்டுப்பையில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தேன். பொத்தான் இறுக்கமா என்று பார்த்தேன். ஒட்டு மீசைக்குப் பசை போதுமா என்று பார்த்தேன். கழுத்துப்பட்டையை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்று எண்ணும் நேரம்

முன்வரிசையில் நடு நாற்காலியில் பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர். பேர் கூப்பிடுவது, வேலை பிரிப்பது, வீடு கொடுப்பது எல்லாம் அவர் கையில். கழுத்தில் மாலை. பக்கத்தில் அவர் மனைவி.

நான் மைனராக நடந்து வந்து, தம்பியின் தலைமுடியைப் பிடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். புஷ்பம் அக்கா திரும்பினார்.

முதலில் பார்த்தார், அவ்வளவுதான். ஒத்திகையில் நான் எண்ணி வைத்திருந்தேன், சரியாக மூன்று எண்ணும் நேரம். அந்தப் பார்வை என் செருப்பில் தொடங்கி மெல்ல ஏறியது. முகத்துக்கு வந்ததும், பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்ட மாதிரி, கண் சற்றே சுருங்கியது. கீழுதடு ஒரு நூல் இறங்கியது. பிறகு, பல்லுக்குப் பின்னால் நாக்கை நிறுத்தி, காற்றை அடக்கி வைத்து,

“த்தூ!”

ஒரு சொட்டு இல்லை. ஆனால் நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். நடிப்புக்காக இல்லை. கை தானாகப் போனது.

அப்புறம் பெண்கள் பக்கத்தில் யாரோ “த்தூ!” என்றார்கள். அடுத்தது இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே வாயாக என்னைப் பார்த்துத் “த்தூ!” என்றது. தகரக் கூரை அதிர்ந்தது. சிறு வயதிலிருந்து நான் எதற்குப் பயந்தேனோ அது முந்நூறு வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. ஆனால் எனக்குப் புல்லரித்தது. சந்தோஷம்! நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து கிராணி மனைவியின் குரல்:

“அய்யே! இது நம்ம கோட்டுங்க! அந்தக் கறுப்புப் பொத்தான் நான் தச்சது!”

குனிந்து பார்த்தேன். நான்கு பொத்தான்களில் மூன்று பழுப்பு, ஒன்று கறுப்பு.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தீ மாதிரிப் பரவியது. கிராணி எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. திரைக்குப் பின்னால் மாணிக்கம் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

பெரட்டுக் களம்

மறுநாள் விடியற்காலை. பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம்; பேர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. கிராணி பேர்ப் புத்தகத்தைத் திறக்காமலே புஷ்பம் அக்காவை முன்னால் கூப்பிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒட்டுப்பால் நிறுவையில் எடை குறைகிறது என்று அக்கா அவரிடம் நேருக்கு நேராகக் கேட்டிருந்தார். அதற்கு அடுத்த நாளே அவருடைய வேலை மேட்டுக்காட்டில் பால் வற்றிய கிழட்டு மரங்களுக்கு மாறியது. ஆகவே கிராணிக்குச் சந்தேகமே இல்லை. ‘இவள்தான் பழி வாங்க என் கோட்டை எடுத்து, கழிசடை மைனருக்கு மாட்டிவிட்டு, ஊரே என்மீது துப்பும்படி செய்திருக்கிறாள்’ என்பது அவர் முடிவு.

“எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேளு. நாளைக்குக் காலையில கேக்கணும். இல்லன்னா பேரும் இல்ல, வீடும் இல்ல. புள்ளைங்கள கூட்டிட்டுக் கெளம்பிரு.”

“நான் நடிச்சேங்க. நடிச்சதுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேக்குறது?”

“கோட்டு எப்படி வந்திச்சி?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் மூன்று ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அக்கா கொடுத்ததை மாட்டிக்கொண்டவன்தானே என்று கிராணி என்னைக் கேட்கவில்லை. வாய் திறக்கவில்லை.

மாணிக்கம் அண்ணன் முதல் நாள் மாலையே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார். “தம்பி, என் பேரு வராம பாத்துக்க. உத்தியோகஸ்தங்க துணி போச்சின்னா நான் போச்சி.” அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. பால் ஸ்டோரில் நிரந்தர வேலை தருவதாகக் கிராணி எனக்குச் சொல்லியிருந்தார். அதற்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். அப்பாவின் மருந்து அதை நம்பி இருந்தது.

மீன் செதில்

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பெரிய பெண் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, கோட்டு, மாணிக்கம் அண்ணன் அழுதது. மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“டோபி அண்ணே வீட்டுல இல்லாதப்பத்தானே எடுத்த?”

“ஆமாக்கா.”

“அவருக்குத் தெரியாம எடுத்தேன்னு சொன்னா அவருக்கு என்னா வரப்போவுது? அதானே உண்மை?”

அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதும் தள்ளி வைத்திருந்தேன்.

“ஸ்டோர் வேலை...” என்று தொடங்கினேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மைனருக்கு மூன்று எண்ணும் நேரம் கொடுத்தவர். எனக்கு ஒன்றுகூட இல்லை. பார்த்ததும் பார்வை மீனுக்குத் திரும்பிவிட்டது.

“அக்கா, ஏதாச்சும் திட்டுங்கக்கா.”

“வெளிச்சம் போவுது. தள்ளி நில்லு, மீனு தெரியல.”

அவ்வளவுதான். ஒரு ‘சீ’ சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன், அழுது தீர்த்துத் தூங்கியிருப்பேன். முந்நூறு பேரின் ‘தூ’ என்மேல் ஒட்டவில்லை. அந்தச் சத்தமில்லாதது ஒட்டிக்கொண்டது.

அன்னிக்கு இல்லீங்க

செவ்வாய்க்கிழமை பெரட்டு. கிராணி வந்து நின்றார்.

“என்ன புஷ்பம், யோசிச்சியா?”

அக்கா வாய் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்பது போல ஒற்றை விரலைத் தூக்கி நின்றேன் என்று சேகர் பிறகு சொல்லிச் சிரிப்பான்.

“ஐயா, கோட்ட எடுத்தது நான். டோபி அண்ணே வீட்டுல இல்ல. அவருக்குத் தெரியாம எடுத்தேன். ஒங்க கோட்டுன்னு எனக்கும் தெரியாது. அக்காவுக்குச் சுத்தமா தெரியாது.”

குரல் பாதியில் உடைந்தது. ஆனாலும் கடைசி வரை சொல்லிவிட்டேன்.

கிராணி என்னைப் பார்த்தார். பிறகு மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் புஷ்பம் அக்கா பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்:

“அப்போ... அந்தத் தூ எனக்கு இல்லையா?”

அந்தக் கேள்வியில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதரும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

‘இல்லீங்க’ என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். பேரும் வீடும் திரும்பிவிடும். வரிசையில் இருந்த எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். அக்கா கொஞ்சம் யோசித்தார். அவருக்குப் பொய் வராது.

“அன்னிக்கு இல்லீங்க,” என்றார்.

எவர் கையிலோ இருந்த வாளியின் பிடி ‘டங்’கென்று விழுந்தது. கிராணியின் முகத்தில் என்னென்னவோ போய் வந்தன. எடை, மேட்டுக்காடு, எல்லாம் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில் அவர் புத்தகத்தைத் திறந்தார்.

“புஷ்பம்.”

“இருக்கேங்க.”

பெண்கள் வரிசையில் ஒரு பெருமூச்சு ஓடியது. பேர்கள் வரிசையாக வந்தன. “சேகர்” என்றார். சேகர் “இருக்கேன்” என்றான். அடுத்தது என் பேர். கிராணி பக்கத்தைத் திருப்பினார்.

நான் எதிர்பார்த்ததுதான்.

“ஐயா, ஒரு பேரு விட்டுட்டீங்க.” பெண்கள் பக்கமிருந்து அக்காவின் குரல்.

“விடல.”

“விட்டுட்டீங்கய்யா. கோவிந்தன். கூப்புடுங்க, நான் நிக்கிறேன்.”

கிராணி மீதிப் பேர்களைக் கூப்பிட்டு முடித்து, புத்தகத்தை மூடிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாளியைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அலுவலகக் கதவைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். வானம் வெளுத்தது. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது என்பது அவருக்குத் தெரியாதா?

“போங்கக்கா,” என்றேன். “எனக்காக நிக்காதீங்க.”

“நீ பேசாம இரு.”

கதவு திறக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு, அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டு, வேறு வேலை தேடிப் போக ஈப்போ பஸ்ஸுக்கு வந்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றிருந்தார். அன்று அவருடைய வாளியில் பாதிகூட நிறையவில்லை என்று சேகர் பிறகு சொன்னான்.